மெயின்பிரேம் எடிட்டரில் பெரிய எழுத்தா, சிறிய எழுத்தா?

டைப் செய்வதெல்லாம் கேப்பிடல் எழுத்துகளாக வந்தால், உடனே கேப்ஸ் லாக் கீயைப் பார்ப்போம். ஆனால் அந்தக் கீயின் விளக்கு எரியாதபோதும் ஓர் எடிட்டர் எழுத்துகளைப் பெரிதாக்கிவிடும். அதுதான் ஐ.பி.எம். மெயின்பிரேமில் உள்ள ஐ.எஸ்.பி.எஃப். எடிட்டர். பயிற்சி நிலையம் தரும் இணைப்பும் எமுலேட்டர் சாப்ட்வேரும் இருந்தால், வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்தே இதில் பழகலாம்.

இந்த எடிட்டரில் கேப்ஸ் என்று ஒரு செட்டிங் உண்டு. அது ஆன் நிலையில் இருக்கும்போது ஒரு வரியில் ஓர் எழுத்தைத் திருத்தி என்டர் தட்டினால் போதும். அந்த வரி முழுவதும் பெரிய எழுத்துகளாகிவிடும். நீங்கள் தொடாத எழுத்துகளும் தப்பாது.

இதனால் என்ன கெடுதல்? ஜே.சி.எல். கட்டளைகளைப் பெரிய எழுத்தில்தான் எழுத வேண்டும் என்பதால் அங்கே இது உதவியே. ஆனால் அதே வரியில் மேற்கோள் குறிகளுக்குள் யூனிக்ஸ் பைலின் பாதை இருந்தால் சிக்கல்தான். யூனிக்ஸில் பெரிய எழுத்துப் பெயர் வேறு, சிறிய எழுத்துப் பெயர் வேறு. பைல் கிடைக்கவில்லை என்று வேலை பாதியில் நின்றுவிடும்.

இனி செட்டிங்கை மாற்றும் வழியைப் பார்ப்போம்.

1. பைலை எடிட்டரில் திறந்து, கமாண்ட் வரியில் புரொபைல் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். பைலின் மேலே தோன்றும் வரிகளில் கேப்ஸ் ஆனா, ஆஃபா என்று தெரியும்.

2. கேப்ஸ் ஆஃப் எனக் கட்டளை கொடுங்கள். இனி நீங்கள் டைப் செய்தபடியே எழுத்துகள் இருக்கும்.

3. புரொபைல் வரிகளை மறைக்க ரீசெட் கொடுங்கள்.

இந்தத் தேர்வு புரொபைலில் பதிவாகிவிடும். பைல் பெயரின் கடைசிப் பகுதிதான் புரொபைலின் பெயர். எனவே கோபால் பைல்களுக்குச் செய்த மாற்றம் ஜே.சி.எல். பைல்களுக்குப் பொருந்தாது. அங்கே தனியாகச் செய்ய வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: திறக்கும் பைலில் சிறிய எழுத்து ஒன்றுகூட இல்லாவிட்டால், எடிட்டர் தானாகவே கேப்ஸ் ஆன் நிலைக்கு மாறும். மாற்றத்தைச் சொல்லும் செய்தி திரையில் வரும். அதைப் படிக்காமல் தாண்டாதீர்கள்.

வரி ஏற்கெனவே மாறிவிட்டதா? பதற வேண்டாம். சேவ் செய்யாமல் இருந்தால் கேன்சல் கொடுத்து வெளியேறுங்கள். பழைய பைல் அப்படியே இருக்கும்.