எதிர்க்கரையையும் பாருங்கள்

பிரான்சின் தென்மேற்கில், தோர்தோன் ஆற்றை ஒட்டி ஒரு செங்குத்துப் பாறை. அதன் உச்சியில், ஆற்றிலிருந்து சுமார் 150 மீட்டர் உயரத்தில் நிற்கிறது பேனாக் கோட்டை. அதன் மதிலோரம் நின்று பார்த்தால் அக்கரையில் இன்னொரு குன்றும் அதன்மேல் இன்னொரு கோட்டையும் தெரியும். அது கஸ்தெல்நோ. நூறாண்டுப் போரின்போது பேனாக் பிரெஞ்சு மன்னரின் பக்கம். கஸ்தெல்நோ பலமுறை கைமாறினாலும் பெரும்பாலும் ஆங்கிலேயர் பக்கம். நடுவே ஆறு மட்டும்தான்.

இங்கே வருகிறவர்களில் பலர் இரண்டில் ஒன்றைப் பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பெரிகோர் என்ற இந்த வட்டாரத்தில் ஆயிரத்தொரு கோட்டைகள் உண்டு என்பது உள்ளூர்ப் பெருமை. அந்த எண்ணைத் துரத்துகிறவருக்கு மூன்றாம் நாளே எல்லாச் சுவரும் ஒரே சுவராகத் தோன்றும். யாருக்கு அஞ்சி, யாரை முறைத்துக்கொண்டு இதைக் கட்டினார்கள் என்று கேட்டுப் பார்க்கிறவருக்கு நான்கு கோட்டைகளே ஒரு வாரத்துக்குப் போதும்.

கேட்டால் கதை 1152-க்குப் போகிறது. இந்த வட்டாரத்தை உள்ளடக்கிய அக்கித்தேன் நாட்டின் வாரிசான எலியனோர் அந்த ஆண்டு ஹென்றி பிளான்டாஜனெட்டை மணந்தார். இரண்டே ஆண்டில் ஹென்றி இங்கிலாந்தின் மன்னர். மனைவி வழியில் வந்த இந்தப் பெருநிலத்துக்காக இரு அரசுகளும் விட்டுவிட்டு மோதிக்கொண்டன. 1453 ஜூலையில் இதே ஆற்றின் கீழ்ப்போக்கில் உள்ள காஸ்தியோனில் ஆங்கிலப்படை தோற்றபோதுதான் அது ஓய்ந்தது. முந்நூறு ஆண்டு இழுபறியின் கல் சாட்சிகள்தான் இந்தப் பள்ளத்தாக்கின் கோட்டைகளும் ஊர்களும் பல கோயில்களும்.

ஆகவே கஸ்தெல்நோவுக்கு முதலில் போவது நல்லது. உள்ளே இடைக்காலப் போர்முறை அருங்காட்சியகம் இருக்கிறது. கல்லெறியும் பெரிய மரப்பொறிகளை முழு அளவில் செய்து மதிலோரம் நிறுத்தியிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பேனாக் போனால் அங்குள்ள சுவரின் தடிமனுக்கும் அம்பெய்யும் குறுகிய பிளவுகளுக்கும் காரணம் தானாக விளங்கும். பேனாக்கின் உள்ளறைகள் ஏறக்குறைய வெறுமையானவை. அலங்காரக் கட்டிலையும் சரவிளக்கையும் எதிர்பார்த்து வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்த வெறுமைதான் அதன் நேர்மை. சரவிளக்கு வேண்டுமென்றால் லுவார் பள்ளத்தாக்கு இருக்கிறது.

ஊர்களுக்கும் இதே கணக்குதான். பஸ்தீத் என்பது திட்டமிட்டு ஒரே மூச்சில் நிறுவிய சந்தை நகரம். பிரெஞ்சு மன்னர் மூன்றாம் பிலிப் 1281-இல் குன்றின்மேல் தோம் ஊரை நிறுவினார். ஆங்கிலேய மன்னர் முதலாம் எட்வர்ட் 1284-இல் மொன்பாசியேயைத் தொடங்கினார். மொன்பாசியே ஏறத்தாழ 400 மீட்டர் நீளமும் 220 மீட்டர் அகலமும் கொண்ட செவ்வகம். தெருக்கள் நேர்கோட்டில் வெட்டிக்கொள்கின்றன. நடுச்சதுக்கத்தைச் சுற்றி வளைவுத் தாழ்வாரங்கள். ஓரத்தில் மரக்கூரையிட்ட சந்தைக் கொட்டகை. அதில் தானியம் அளந்த பழைய அளவுத் தொட்டிகள் இன்னும் இருக்கின்றன. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே ஓர் ஆள் ஒருக்களித்து நுழையுமளவு சந்து விட்டிருப்பதையும் கவனியுங்கள். தீ பரவாமல் இருக்கவும் கழிவுநீர் ஓடவும் செய்த ஏற்பாடு அது. சதுக்கத்தில் காபி குடித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் கண்ணில் இது படுவதே இல்லை.

இன்னொரு கோட்டை அந்தப் போரோடு தொடர்பில்லாதது. கஸ்தெல்நோவிலிருந்து காரில் சில நிமிடத் தொலைவில் மிலாந்த் இருக்கிறது. 1489-இல் எழுந்த இந்த மாளிகையை 1947-இல் விலைக்கு வாங்கியவர் ஜோசபின் பேக்கர்: அமெரிக்காவில் பிறந்த கறுப்பினக் கலைஞர், பாரிஸ் மேடைகளின் நட்சத்திரம், நாஜிகளுக்கு எதிரான பிரெஞ்சு விடுதலை இயக்கத்துக்கு உளவு சொன்னவர். பல நாட்டுக் குழந்தைகள் பன்னிரண்டு பேரைத் தத்தெடுத்து இங்கே வளர்த்தார். கடன் மூழ்கடித்தது, 1969-இல் அவரை வெளியேற்றினார்கள். 2021-இல் பிரான்ஸ் பாந்தியன் தேசிய நினைவிடத்தில் இடம் தந்து அவரைச் சிறப்பித்தது. மேடை உடைகளும் பதக்கங்களும் இன்று மாளிகையில் இருக்கின்றன. இந்தப் பள்ளத்தாக்கில் ஒன்றுக்குத்தான் நேரமிருக்கிறது என்பவருக்கு நான் சொல்வது இதைத்தான்.

கோயில்களுக்கு வருவோம். கிராமத்துக் கோயில் பூட்டிக் கிடந்தால் திரும்பிவிட வேண்டாம். 1905-ஆம் ஆண்டுச் சட்டம் அரசையும் சமயத்தையும் பிரித்தபோது, அதற்கு முன் கட்டிய ஊர்க் கோயில்கள் பெரும்பாலும் ஊராட்சியின் சொத்தாயின. ஆகவே ‘மேரி’ எனப்படும் ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் பல ஊர்களில் சாவி கிடைக்கும், அல்லது சாவி வைத்திருப்பவர் வீட்டைக் காட்டுவார்கள். சிற்றூர்களில் அந்த அலுவலகமே வாரத்தில் சில மணி நேரம்தான் திறந்திருக்கும். வாசலில் நேரம் எழுதியிருக்கும். ஒரே பாதிரியார் பல ஊர்களைச் சுற்றி வருவதால் ஞாயிறு பூசை எல்லா ஊரிலும் நடப்பதில்லை.

செந்த்-அமான்-த்-கொலி கோயிலின் பருத்த மதிலைப் பார்த்தால் வழிபாட்டு இடமா, கோட்டையா என்று சந்தேகம் வரும். இரண்டும்தான். சண்டை வந்தால் ஊரே ஓடி ஒளிய அதுதான் இடம். வழியில் தென்படும் தட்டைக்கல் கூரைகளும் சாதாரணமல்ல. ஒரு சதுர மீட்டருக்கு அரை டன் வரை கனக்கும் அந்தச் சுண்ணாம்புக்கல் ஓடுகளைத் தாங்கத்தான் கூரையைச் செங்குத்தாகவும் மரச்சட்டங்களைத் தடிமனாகவும் அமைத்தார்கள்.

கதுவான் மடத்தின் கதை தனி. 1115-இல் தொடங்கிய அந்த மடத்தில், இயேசுவின் தலையில் சுற்றிய துணி என்று ஒன்றைப் போற்றி வந்தார்கள். நூற்றாண்டுகளாக யாத்திரிகர் கூட்டம், மடத்துக்கு வருமானம். 1934-இல் அந்தத் துணியின் ஓரத்து வேலைப்பாட்டை ஆராய்ந்தபோது அது வெறும் அலங்காரமல்ல, கூஃபி அரபு எழுத்து என்று தெரிந்தது. எகிப்தின் ஃபாத்திமியக் கலீஃபா அல்-முஸ்தலியின் பெயர் அதில் இருந்தது; துணி 1100-ஐ ஒட்டிய காலத்தது. ஆயர் யாத்திரையை நிறுத்திவிட்டார். அரபுச் சமய வாசகம் நெய்த துணியின் முன் அத்தனை தலைமுறை மண்டியிட்டிருக்கிறது! இதையெல்லாம் மடத்தில் மறைக்காமல் எடுத்துச்சொல்கிறார்கள். மெச்ச வேண்டிய விஷயம்.

இனி நடைமுறை. சார்லா நகருக்கு போர்தோவிலிருந்து ரயில் உண்டு. அதற்கப்பால் பேருந்தை நம்ப முடியாது, கார்தான். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் கொண்டுபோக வேண்டும். சிவப்புக் கரையிட்ட ஊர்ப்பெயர்ப் பலகையைத் தாண்டியதுமே, வேக எண் எழுதியிருக்காவிட்டாலும், வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர். பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கே முன்னுரிமை, அது ஒரு சின்னச் சந்திலிருந்து வந்தாலும்.

பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை கடைகளும் அலுவலகங்களும் சாத்தியிருக்கும். சாப்பாட்டையும் அதற்குள்ளேயே முடித்துக்கொள்ள வேண்டும். இரண்டரை மணிக்குப் பசித்தால் கிராமத்தில் சமையலறை மூடியிருக்கும். சைவர்கள் விசாரித்துச் சாப்பிடுவது அவசியம். சார்லாவின் பெயர்பெற்ற உருளைக்கிழங்கு வறுவலும் வாத்துக் கொழுப்பில்தான் பொரிகிறது. அக்ரூட் கொட்டை, ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, ரொட்டி ஆகியவை புதனும் சனியும் கூடும் சார்லா சந்தையில் தாராளம். கடையோ அலுவலகமோ, நுழைந்ததும் ‘போன்ழூர்’ சொல்லாமல் கேள்வியைத் தொடங்காதீர்கள். சாவி கேட்கப் போகிறவருக்கு இது இன்னும் முக்கியம்.

ஜூலை, ஆகஸ்டில் இங்கே கூட்டம் நெரியும். நவம்பரிலிருந்து ஈஸ்டர் வரை பல கோட்டைகள் திறப்பதே இல்லை. தேதியைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் செப்டம்பரின் மூன்றாவது வார இறுதியைப் பிடியுங்கள். அப்போதுதான் பாரம்பரிய நாட்கள். ஆண்டு முழுக்க அடைத்துக் கிடக்கும் தனியார் மாளிகைகள் பலவும் அந்த இரண்டு நாள் மட்டும் கதவைத் திறக்கின்றன.