வள்ளுவர் காட்டும் வலியறிதலும் புத்தாண்டு உறுதிமொழிகளும்

ஆண்டு பிறக்கும்போது மாந்தர் உள்ளத்திலும் ஒரு புத்தூக்கம் பிறக்கின்றது. நேற்றுவரை இருந்த சோம்பலும் தளர்வும் பழைய நாட்காட்டியோடு கழிந்துவிட்டன என்றெண்ணி மகிழ்கின்றோம். நாளை முதல் வைகறை நான்கு மணிக்கே எழுவது, நாள்தோறும் ஐந்து மணி நேரம் படிப்பது, நாட்குறிப்பு எழுதுவது, ஆங்கிலம் பேசப் பழகுவது என ஒரே நாளில் நான்கைந்து உறுதிகளை மேற்கொள்ளும் மாணவர் பலர். துணிக்கடையிலோ வங்கியிலோ அன்பளிப்பாகக் கிடைத்த நாட்குறிப்பேட்டில் சனவரி முதல் நாளுக்குரிய பக்கம் நிரம்பி வழிகின்றது. பொங்கல் வருவதற்குள் பக்கங்கள் வெறுமையாகின்றன. மாசி மாதத்தில் அதே ஏட்டில் வீட்டின் பால் கணக்கும் சலவைக் கணக்கும் ஏறிவிடுகின்றன.

இது நகைப்பிற்குரிய செய்தியாகத் தோன்றலாம். ஆயினும் இதன் பின்விளைவு நகைப்பிற்குரியதன்று. தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியை மிதித்த மாணவர் ஒருவர், காலையில் தந்தையாரின் கடையைத் திறந்து வைத்துவிட்டுப் பேருந்தேறி வருபவர், தாம் கொண்ட உறுதி பத்தாம் நாளில் குலைந்ததும் என்ன முடிவிற்கு வருகின்றார்? திட்டம் பிழையானது என்று அவர் கருதுவதில்லை. தமக்குக் கல்வி வாராது என்றே கருதுகின்றார். தேர்வில் இரண்டு தாள்கள் நிலுவையாகும்போது அக்கருத்து உறுதிப்படுகின்றது. படிப்பையே இடையில் நிறுத்துவோரும் உளர். ஆதலின் நல்ல பழக்கமொன்றை மென்மையாகத் தொடங்கி நீடித்துக் காப்பது எவ்வாறு என்னும் வினா, நம் மாணவர் பலருடைய வாழ்வோடு தொடர்புடையது. இவ்வினாவிற்குத் திருக்குறளின் அடுத்தடுத்த மூன்று அதிகாரங்கள் துணைகொண்டு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் புத்தாண்டு என்னும் நாளின் ஆற்றலை நோக்குவோம். நம் மாணவர்க்கு ஆண்டுப் பிறப்பு ஒருமுறை மட்டும் வருவதன்று. சனவரி முதல் நாள் ஒன்று. சித்திரை முதல் நாள் ஒன்று. முஹர்ரம் பிறை ஒன்று. கல்லூரி திறக்கும் நாள் மற்றொன்று. தமிழ்ப் புத்தாண்டு தையிலா சித்திரையிலா என்பது பற்றி 2008ஆம் ஆண்டில் ஒரு சட்டமும் 2011ஆம் ஆண்டில் அதனை நீக்கும் சட்டமும் தமிழகத்தில் இயற்றப்பெற்றமை யாவரும் அறிந்ததே. ஹிஜ்ரி ஆண்டோ சூரிய ஆண்டினும் ஏறத்தாழப் பதினொரு நாள் குறைந்தது. ஆகவே அதன் தலைநாள் கோடை, மாரி என எல்லாப் பருவங்களிலும் மாறி மாறி வருகின்றது. இத்தகைய தொடக்க நாள்கள் மனத்திற்கு உந்துதல் தருவது உண்மையே என்பதை அமெரிக்க ஆய்வாளர் மூவர் 2014இல் வெளியிட்ட ஆய்வொன்று காட்டிற்று. வாரம், திங்கள், ஆண்டு, கல்விப் பருவம் ஆகியவற்றின் தொடக்கத்தில் உடற்பயிற்சிக் கூடத்திற்குச் செல்லும் மாணவர் தொகை மிகுவதை அவர்கள் கண்டனர். ஆனால் உந்துதல் வேறு, நிலைபேறு வேறு. வாயிலைத் திறந்துவிடும் நாள், வழி முழுதும் உடன் வருவதில்லை.

இனி வள்ளுவரிடம் வருவோம். பொருட்பாலில் 48ஆம் அதிகாரம் வலியறிதல். 49ஆம் அதிகாரம் காலமறிதல். 50ஆம் அதிகாரம் இடனறிதல். இம்மூன்றும் பகைமேற் செல்லும் வேந்தனுக்குக் கூறப்பெற்றவை. பரிமேலழகரும் அவ்வாறே உரை காண்பார். அவற்றை ஒரு மாணவரின் படிப்பறைக்குக் கொண்டுவருவது பொருந்துமா எனின், பொருந்தும் என்பதே எம் கருத்து. தன் சோம்பலை வெல்லப் புறப்படுபவனும் ஒரு வகையில் போர்மேற் செல்பவனே ஆவான். மேலும், வேந்தனுக்குக் கூறிய அறிவுரையைக் குடிமக்கள் தமக்கும் கொள்வது குறள் பயில்வோர் வழக்கமாகவே இருந்து வருகின்றது.

வலியறிதலின் முதற்குறள் நால்வகை வலிமைகளைச் சீர்தூக்கச் சொல்கின்றது. செய்ய எடுத்த வினையின் வலி, தன் வலி, பகைவன் வலி, இருவர்க்கும் துணையாவார் வலி என்பன அவை. புத்தாண்டு உறுதி பூணும் மாணவர் இவற்றுள் முதலாவதை மட்டுமே எண்ணிப் பார்க்கின்றார். அதாவது, வினையின் பெருமையை எண்ணி மயங்குகின்றார். இரவு பத்து மணிவரை கடையில் நிற்க வேண்டிய தம் உடலின் நிலை என்ன, பகையாக நிற்கும் உறக்கமும் கைப்பேசியும் எத்துணை வலியன, துணையாக நிற்கக்கூடிய தாயாரும் தோழரும் யாவர் என எண்ணுவதில்லை. தன் வலியை அறியாது ஊக்கத்தால் மட்டும் உந்தப்பட்டுத் தொடங்கி நடுவே முறிந்தவர் பலர் என்று அதே அதிகாரத்தின் மூன்றாம் குறள் எச்சரிப்பது ஈண்டு ஆழ்ந்து எண்ணத்தக்கது. ஊக்கமுடைமைக்குத் தனியே ஓர் அதிகாரம் வகுத்த புலவரே, அளவறியாத ஊக்கம் முறிவிற்குக் காரணமாகும் என்றும் கூறியுள்ளார்.

மயிற்பீலி ஏற்றிய வண்டியை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். பீலியினும் மெல்லிய சுமை யாதுளது? எனினும் அளவு கடந்து ஏற்றின் அச்சு முறியும் என்பார் வள்ளுவர். வைகறையில் எழுதல் ஒரு பீலி. நாட்குறிப்பு ஒரு பீலி. உடற்பயிற்சி ஒரு பீலி. ஒவ்வொன்றும் தனித்து நோக்குங்கால் எளியதே. ஒரே நாளில் ஐந்தையும் ஏற்றும்போதே வண்டி தாங்காது போகின்றது. வருவாய் சிறிதாயினும் செலவு விரியாதாயின் கேடில்லை என்னும் குறளும் இவ்வதிகாரத்ததே. பொருளுக்குக் கூறிய இக்கணக்கு, நேரத்திற்கும் முயற்சிக்கும் ஒக்கும். நாளொன்றுக்குக் கால் மணி நேரமே கைக்கெட்டும் எனின், கால் மணி நேரத்திற்குரிய உறுதியே அம்மாணவர்க்கு ஏற்றது.

சிறிய அளவில் என்ன விளையும் என்று ஐயுறுவார்க்கு, நம் ஊர்களின் மதரஸாக்களையே சான்றாகக் காட்டலாம். திருக்குர்ஆன் முழுவதையும் நெஞ்சில் ஏற்றும் ஹாபிழ்கள் அதனை ஒரே மூச்சில் மனனம் செய்வதில்லை. நாள்தோறும் சபக் என வழங்கும் புதுப்பாடம் சிறிது. முன்னைய பாடங்களை மீண்டும் ஓதிக் காட்டுதல் பெரிது. பத்துப் பன்னிரண்டு அகவைச் சிறுவர்கள் சில ஆண்டுகளில் 6,000க்கும் மேற்பட்ட வசனங்களை நினைவில் நிறுத்துகின்றனர். அளவைச் சிறுவனின் ஆற்றலுக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் தருகின்ற உஸ்தாதின் நுட்பம், வலியறிதலுக்குத் தக்க விளக்கமாகும்.

காலமறிதலில், பகலில் காக்கை தன்னினும் வலிய கூகையை வெல்லும் என்று தொடங்குகின்றார் வள்ளுவர். யாவர்க்கும் வைகறையே ஏற்றது என்னும் பொதுவிதியை இவ்வுவமை ஏற்கவில்லை. எவருக்கு எப்பொழுது வலிமையோ அப்பொழுதே அவர்க்குரிய காலம். இரவுப் பணி முடித்துத் துயிலும் மாணவரை நான்கு மணிக்கு எழுமாறு ஏவுதல், காக்கையை இருளில் போருக்கு அனுப்புவதை ஒக்கும். பீட்டர் கோல்விட்சர் என்னும் உளவியலறிஞர் 1999இல் எழுதிய கட்டுரையில், ‘படிப்பேன்’ என்ற பொதுவான எண்ணத்தினும், எப்போது, எங்கே, எவ்வாறு என்று முன்கூட்டியே குறித்துக்கொள்ளும் எண்ணம் செயலாக மலர்வது மிகுதி என விளக்கினார். நாளில் ஏற்கெனவே தவறாது நிகழும் ஒன்றோடு புதியதைப் பிணைப்பதே இதற்கு எளிய வழி. தொழுகையாளியான மாணவர்க்கு நாள்தோறும் ஐந்து குறிகள் இயல்பாகவே அமைந்துள்ளன. மஃரிபு தொழுது வந்தவுடன் இரண்டு பக்கம் என்று வைத்துக்கொண்டால் கடிகாரமும் வேண்டுவதில்லை. பிறர்க்கு மாலைத் தேநீரோ, பேருந்தில் இருக்கை கிடைக்கும் நேரமோ அக்குறியாக அமையலாம்.

இடனறிதல் பற்றி விரிக்க வேண்டுவதில்லை. ஆழ்நீரில் வெல்லும் முதலை கரையேறினால் தோற்கும் என்பது அவ்வதிகாரத்தின் உவமை. தொலைக்காட்சி ஒலிக்கும் ஒற்றை அறை வீட்டில் படிக்க இயலாதவர், கல்லூரி நூலகத்தின் ஒரு மூலையில் அரைமணி நேரத்தில் அதனை முடித்துவிடுவதைக் காண்கின்றோம். கைப்பேசியை அடுத்த அறையில் வைப்பதும் இடனறிதலே.

இவ்வாறு வலியும் காலமும் இடனும் அறிந்து தொடங்கிய பழக்கம் எத்துணை நாளில் வேரூன்றும்? இருபத்தொரு நாள் போதும் என்று மேடைதோறும் முழங்கக் கேட்கின்றோம். இவ்வெண்ணின் வரலாறு சுவையானது. மாக்சுவெல் மால்ட்சு என்னும் அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர், அறுவைக்குப் பின் தம் புதுமுகத்திற்குப் பழகிக்கொள்ள நோயாளிகளுக்குக் குறைந்தது இருபத்தொரு நாள்போல் தேவைப்படுவதாக 1960இல் தம் நூலில் எழுதினார். ‘குறைந்தது’ என்ற சொல் நாளடைவில் உதிர்ந்துபோக, எண் மட்டும் எஞ்சிற்று. பிற்காலத்தில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் உடனுழைத்தோரும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் பின்தொடர்ந்து ஆராய்ந்து முடிவுகளை 2009இல் வெளியிட்டனர். பழக்கம் தானே இயங்கும் நிலையை எட்ட எடுக்கும் காலத்தின் இடைநிலை அளவு 66 நாள் எனக் கண்டனர். ஆயின் ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபடும் என்றும் கணக்கிட்டனர். இருபத்திரண்டாம் நாளில் பழக்கம் படியவில்லை என்று மனம் நொந்த மாணவர்க்கு இவ்வெண்களை எடுத்துரைப்பது ஆசிரியர் கடன்.

அவ்வாய்வு தந்த மற்றொரு செய்தியும் உண்டு. இடையில் ஒரு நாள் தவறுவதால் பழக்கம் உருவாவது பெரிதும் தடைப்படவில்லை. ஒரு நாள் தவறியவுடன் தம்மைத் தாமே இகழ்ந்து முழுவதையும் விடுவோர்க்கு இஃது ஆறுதலாகும். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக முதலாண்டு மாணவரிடையே நடத்தி 2010இல் வெளியிடப்பெற்ற ஆய்வொன்று, முதல் தேர்விற்குப் படிப்பதைத் தள்ளிப்போட்ட மாணவருள் தம்மை மன்னித்துக்கொண்டோர் அடுத்த தேர்வின்போது தள்ளிப்போடுவது குறைந்ததைக் கண்டது. கடிந்துரையே திருத்தும் என்று நம்பும் பெரியோர் நம்மிடையே மிகுதி. அவர்தம் அன்பில் ஐயமில்லை. முறையில்தான் எமக்கு ஐயம். தவறிய நாளைப் பற்றி ஒன்றும் வினவாது, இன்று எத்தனை பக்கம் என்று மட்டும் கேட்கும் தாயார் அம்மாணவர்க்கு வள்ளுவர் குறித்த துணைவலி ஆவார்.

தொடக்கத்தில் குறித்த நாட்குறிப்பிற்கு மீள்வோம். தமிழில் நெடுங்காலம் நாட்குறிப்பு எழுதியவர் புதுச்சேரி ஆனந்தரங்கம் பிள்ளை. 1709இல் பிறந்த இவ்வணிகர், பிற்காலத்தில் ஆளுநர் துய்ப்ளேயின் துபாசியாக விளங்கினார். இவர் எழுதத் தொடங்கியது 1736 செப்டம்பர் 6ஆம் நாள். அஃது எவ்வகைப் புத்தாண்டு நாளும் அன்று. 1761இல் மறையும் வரை, ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டு அப்பணி தொடர்ந்தது. சென்னை அரசு 1904 முதல் 1928 வரை வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு பன்னிரண்டு தொகுதிகளாக அமைந்தது. அவற்றுள் முதல் தொகுதி ஏறத்தாழப் பத்தாண்டுக் காலத்தைத் தன்னுள் அடக்கியுள்ளது. இரண்டாம் தொகுதிக்கோ 1746ஆம் ஆண்டின் சில மாதங்களே போதுமானவை ஆயின. சென்னையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றிய ஆண்டு அது. எழுத வேண்டியவை பெருகியிருந்தன. மெலிந்த ஓடையாகத் தொடங்கிய எழுத்து, வேண்டிய காலத்தில் பெருக்கெடுக்கும் அளவிற்குக் கை பழகியிருந்தது என்பதே நாம் கருதத்தக்கது. இடைவெளிகள் உள்ளனவே என்று வரலாற்றறிஞர் எவரும் அந்நாட்குறிப்பைத் தள்ளிவைத்ததில்லை.

இவ்வாண்டு எதையேனும் தொடங்க விரும்பும் முதலாமாண்டு மாணவர்க்கு நாம் முன்மொழிவது, நாளொன்றுக்கு ஒரு குறள். பொருளுணர்ந்து ஓதப் பத்து நிமிடம் போதும். பேருந்து நிறுத்தத்திலும் இயலும். மூன்று ஆண்டுகளுக்கு 1095 நாள். இடையே காய்ச்சலாலோ வீட்டுத் திருமணத்தாலோ பதினைந்து நாள் தவறிப்போயினும் 1080 குறள் நிறைந்திருக்கும். அறத்துப்பாலும் பொருட்பாலும் சேர்ந்த தொகை சரியாக அவ்வளவே. எஞ்சும் 250 குறளும் காமத்துப்பாலுக்கு உரியவை. அவற்றைப் பட்டம் பெற்ற பின்னர் ஓதிக்கொள்ளலாம்.