டம்ப்ஸ் இருந்தால் போதுமாம்!

‘டம்ப்ஸ் இருக்கு சார், ரெண்டு நாள் உருட்டினாப் போதும், பாஸ்.’ சோழிங்கநல்லூர் டீக்கடையிலும் வேளச்சேரிப் பயிற்சி மையங்களிலும் இந்தப் பேச்சு காதில் விழாமல் ஒரு வாரம் கழிவதில்லை. எந்தச் சான்றிதழ், எதற்காக என்று யோசிக்கும் முன்பே பிடிஎஃப் கேட்கிறார்கள். புதிதாக வேலை தேடுபவர் கேட்டால் பொறுத்துக்கொள்ளலாம். டீம் லீடே வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டு, ‘மாசக் கடைசிக்குள்ள எல்லாரும் முடிச்சிடுங்க’ என்று எழுதினால் என்ன செய்வது?

மாதிரித் தேர்வு எழுதிப் பழகுவதை நான் குறை சொல்லவில்லை. அது வேறு. தேர்வில் வந்த நிஜக் கேள்விகளை வெளியே கடத்தி, யாரோ குறித்த விடைகளோடு விற்பதுதான் டம்ப்ஸ். அது திருட்டு. மைக்ரோசாஃப்ட் தேர்வுக் கேள்விகளை இணையத்தில் விற்ற ஒருவர், 2002இல் அமெரிக்க நீதிமன்றத்தில் வணிக ரகசியத் திருட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். வாங்கிப் படிப்பவரும் தப்பிவிட முடியாது. தேர்வு தொடங்கும் முன் படிக்காமலே ‘சம்மதம்’ என்று அமுக்குகிறோமே, அந்த ஒப்பந்தத்தில்தான் சான்றிதழை ரத்து செய்யவும் மறுபடி தேர்வெழுத விடாமல் தடுக்கவும் தேர்வு நடத்தும் நிறுவனத்துக்கு உள்ள உரிமை எழுதியிருக்கிறது.

நியாயம் அநியாயம் கிடக்கட்டும், பலனாவது உண்டா? நேர்காணலில் கேள்வி கேட்கும் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். அமேசான் கிளவுட் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் சான்றிதழோடு வருபவரிடம், செக்யூரிட்டி குரூப்புக்கும் நெட்வொர்க் ஏசிஎல்லுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பேன். ‘அது ஸ்டேட்ஃபுல், இது ஸ்டேட்லெஸ் சார்’ என்று மின்னல் வேகத்தில் பதில் வரும். ‘சரி, புதுசா ஒரு ஏசிஎல் போட்டு, உள்ளே வர 443ஐத் திறந்துட்டீங்க. அப்பவும் வெப்சைட் வரலை. எங்க பார்ப்பீங்க?’ இதற்குப் பலரிடம் பதில் இல்லை. விடை அவர் சொன்ன ‘ஸ்டேட்லெஸ்’ என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. உள்ளே வந்த கோரிக்கையை ஏசிஎல் நினைவில் வைத்துக்கொள்ளாது. பதில் வெளியே போவதற்கு 1024 முதல் 65535 வரையான போர்ட்டுகளுக்குத் தனியாக விதி எழுத வேண்டும். ஒரு முறை தன் கையால் அமைத்து, முட்டி மோதியவருக்கு இது மறக்காது. பிடிஎஃப்பில் டிக் அடித்தவருக்குத் தெரியவே தெரியாது.

இந்தப் பழக்கம் நேற்று முளைத்ததல்ல. விண்டோஸ் என்டி காலத்திலேயே, மனப்பாடம் செய்து மைக்ரோசாஃப்ட்டின் எம்சிஎஸ்இ சான்றிதழ் பெற்றவர்களை ‘பேப்பர் எம்சிஎஸ்இ’ என்று கேலி செய்தார்கள். தேர்வு நடத்துபவர்களும் சும்மா இருக்கவில்லை. 2023 முதல் மைக்ரோசாஃப்ட் தன் அசோசியேட், எக்ஸ்பர்ட் நிலைத் தேர்வுகளில், தேர்வின் நடுவிலேயே தன்னுடைய லேர்ன் தளத்தைத் திறந்து பார்க்க அனுமதிக்கிறது. குபர்நெடீஸ் நிர்வாகி தேர்வில் அதிகாரபூர்வ ஆவணங்கள் பக்கத்திலேயே இருக்கும். 2 மணி நேரத்துக்குள் வேலையைச் செய்து காட்ட வேண்டும். புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுது என்கிறார்கள் அவர்கள். இங்கே இன்னும் மனப்பாடம்!

இதில் நிறுவனங்களையும் சும்மா விடக் கூடாது. மைக்ரோசாஃப்ட், அமேசான், சிஸ்கோ போன்றவற்றின் கூட்டாளி நிறுவனமாக ஓர் உயர்ந்த படியில் இருக்க, இத்தனை ஊழியர்கள் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்ற கணக்கு உண்டு. அந்த எண்ணிக்கையை நிரப்பும் அவசரத்தில் படிக்க நேரம் கொடுக்காமல் டம்ப்ஸைக் கொடுக்கிறார்கள். நிறுவனத்துக்குப் படி கிடைக்கும். நாளை வேலை மாறும்போது நேர்காணலில் திணறப்போவது ஊழியர்தான்.

சான்றிதழ் பற்றிய மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மூச்சைச் செலவழிக்க வேண்டியதில்லை. ‘ஒரு தடவை வாங்கினால் ஆயுளுக்கும் செல்லும்’ என்பது பொய். அமேசான் சான்றிதழும் சிஸ்கோவின் சிசிஎன்ஏவும் 3 ஆண்டு. மைக்ரோசாஃப்ட் அசோசியேட் 1 ஆண்டு, ஆனால் இணையத்திலேயே இலவசமாகப் புதுப்பிக்கலாம். ‘பெரிய சான்றிதழை முதலில் பிடித்துவிட வேண்டும்’ என்பதும் தவறு. தகவல் பாதுகாப்புக்கான சிஐஎஸ்எஸ்பி தேர்வில் தேறினாலும் 5 ஆண்டு அனுபவம் காட்டாமல் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ள முடியாது. கணினி சார்ந்த பட்டம் இருந்தால் ஓராண்டு சலுகை, அவ்வளவுதான். ‘பயிற்சி மையம் கொடுப்பதும் சான்றிதழ்தானே?’ இல்லை. அது வகுப்புக்கு வந்ததற்கான அத்தாட்சி. ‘நூறு சதவீதம் வேலை உறுதி’ என்ற பலகைக்குப் பதில் சொல்லவே எனக்குப் பொறுமை இல்லை.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? நீங்கள் போக விரும்பும் வேலைக்கான விளம்பரங்கள் இருபதை எடுத்து வைத்துப் படியுங்கள். திரும்பத் திரும்ப வரும் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போதைய புராஜெக்டில் அந்தக் கருவியைத் தொட வாய்ப்பிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதுதான் உங்கள் சான்றிதழ். அமேசான் அசோசியேட் தேர்வுக்கு 150 டாலர் ஆகிறது. கட்டணத்தைத் திருப்பித் தருவார்களா என்று எச்ஆரிடம் கேட்கவும் கூச்சப்பட வேண்டாம்.

எதுவுமே தோன்றாதவர்களுக்கு என் பதில் எப்போதும் லினக்ஸ்தான். நண்பர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கிளவுட் என்று எதைத் தொட்டாலும் அடியில் பெரும்பாலும் அதுதான் ஓடுகிறது. வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய லேப்டாப் போதும். எளிய தமிழில் லினக்ஸ் படிக்க, கணியம் என்ற தமிழ்த் தளம் வெளியிட்ட இலவச மின்னூல்கள் இருக்கின்றன. சந்தேகம் கேட்கச் சென்னையிலேயே லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. பிறகு ரெட்ஹேட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ என்ற லினக்ஸ் தேர்வை எழுதுங்கள். 3 மணி நேரம், இணையம் கிடையாது, நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடு என்ற கேள்வியும் கிடையாது. கணினியை ரீபூட் செய்த பிறகும் நீங்கள் செய்த அமைப்பு நிலைத்து நின்றால்தான் மதிப்பெண்.