பட்டமரமும் மரக்காளானும்

ஆண்டுதோறும் காடுகளில் எண்ணற்ற மரங்கள் பட்டுப்போகின்றன. கிளைகள் முறிந்து விழுகின்றன. அவை அனைத்தும் மக்காமல் கிடந்தால் புதிய செடிகள் முளைக்க இடமிராது. மண்ணும் வளம் குன்றும். அந்நிலை நேராமல் காக்கும் உயிர்களுள் மரக்காளான் முதன்மையானது.

மரக்காளான்களுள் உலகின் பல பகுதிகளிலும் காணப்படுவது வான்கோழிவால் காளான். இது பட்டமரத்தின் மீது சிறு தட்டுகளை அடுக்கிவைத்தாற்போல வளரும். பழுப்பு, சாம்பல், வெண்மை முதலிய நிற வளையங்கள் அமைந்த அத்தட்டு, வான்கோழியின் விரிந்த வாலை ஒத்திருப்பதால் இப்பெயர் பெற்றது. 1753ஆம் ஆண்டில் இதற்கு அறிவியல் பெயரிட்ட லின்னேயஸ், 'பல நிறமுடையது' எனப் பொருள்படும் 'வெர்சிகலர்' என்னும் இலத்தீன் சொல்லை அப்பெயரில் அமைத்தார்.

நம் கண்ணுக்குத் தெரியும் தட்டு, மரத்திற்குக் கனி போன்றது. காளானின் உடலோ மரத்தினுள்ளே நுண்ணிய இழைகளாகப் பரவியிருக்கும். தட்டின் அடிப்பக்கத்தில் நுண்துளைகள் நிறைந்துள்ளன. அவற்றினின்று வெளிப்படும் வித்துகளைக் காற்று சுமந்து சென்று வேறு மரங்களில் சேர்க்கிறது.

காளானுக்குப் பச்சையம் இல்லை. ஆகவே, அது தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. மரத்திற்கு உறுதியளிக்கும் லிக்னின் என்னும் பொருளைச் சிதைக்க வல்ல உயிர்கள் மிகச் சிலவே. இக்காளானின் இழைகள் நொதிகளைச் சுரந்து லிக்னினையும் செல்லுலோசையும் சிதைக்கின்றன. அதனால் மரம் வெளிறி மென்மையாகிறது. இதனை 'வெண்ணழுகல்' என்பர்.

மென்மையான மரத்தில் வண்டுகளின் புழுக்கள் வாழ்கின்றன. மரங்கொத்தி அதைக் குடைந்து கூடமைக்கிறது. அது விட்டுச்சென்ற பொந்தில் மைனாவும் கிளியும் குடியேறுகின்றன. இறுதியில் மரம் மண்ணோடு கலந்து இளஞ்செடிகளுக்கு உரமாகிறது.

ஈரமுள்ள மரத்தில்தான் இக்காளான் வளரும். ஆகவே, வீட்டு மரப்பொருள்களை உலர்வாக வைத்துப் பேணுதல் வேண்டும். காட்டிலோ பட்டமரத்தைக் குப்பையெனக் கருதி அகற்றினால், அதனை நம்பி வாழும் உயிர்கள் உணவும் உறைவிடமும் இழக்கும்.

அருஞ்சொற்பொருள்
பட்டமரம் – உயிரற்றுக் காய்ந்த மரம்
நொதி – உயிர்களின் வேதிவினைகளை விரைவுபடுத்தும் பொருள்

பயிற்சி
1. பிரித்து எழுதுக: வெண்ணழுகல், அந்நிலை.
2. வான்கோழிவால் காளான் அப்பெயர் பெற்றது ஏன்?
3. காளானின் தட்டை மரத்தின் கனியோடு ஒப்பிடுவது எவ்வாறு பொருந்தும்?
4. 'பட்டமரம் குப்பையன்று' என்னும் கருத்தைப் பாடத்தின் துணைகொண்டு ஐந்து வரிகளில் நிறுவுக.