லேப்டாப் ஏன் பட்டுன்னு அணையுது?



2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். விலையில்லா மடிக்கணினித் திட்டம் அன்னைக்குத்தான் தொடங்கியது. எங்கே தெரியுமா? நம்ம திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில்! அப்புறம் எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்த அந்தச் சின்ன லேப்டாப்புகள் நம்ம ஊரிலும் நிறைய வீட்டுக்கு வந்தன. அண்ணனோ அக்காவோ பிளஸ் டூ படிச்சப்போ வாங்கியது இன்னைக்குத் தம்பி தங்கச்சி கையில் இருக்கு. வாரண்டி எப்பவோ முடிஞ்சாச்சு. புதுசு வாங்கணும்னா சிப்காட்டில் வேலை செய்யற பல பேருக்கு ஒரு மாசச் சம்பளம் போதாது. அதனால் இருக்கிறதைக் காப்பாத்துவது எப்படின்னு பார்ப்போம்.

இந்த லேப்டாப்புகளுக்கு வர்ற பெரிய தொல்லை இதுதான். இருபது நிமிஷம் நல்லா ஓடும். திடீர்னு திரை கருப்பாகும். எச்சரிக்கை வராது, ‘சேவ் பண்ணவா’ன்னும் கேட்காது. எங்க அக்கா அரசுத் தேர்வுக்கு விண்ணப்பம் போடும்போது கடைசிப் பக்கத்தில் இப்படித்தான் ஆச்சு. அதுவும் கடைசித் தேதி அன்னைக்கு! கடையில் காட்டினால் “மதர்போர்டு போச்சு, மாத்தணும்” என்றார்கள். மதர்போர்டு போகவில்லை. உள்ளே தூசி.

தூசிக்கும் அணைவதுக்கும் என்ன சம்பந்தம்? லேப்டாப்பின் மூளை பிராசசர் என்கிற சிலிக்கான் சில்லு. அது வேலை செய்யும்போது வாங்குகிற மின்சாரம் கிட்டத்தட்ட முழுசும் வெப்பமாகத்தான் வெளியே வருது. பெரும்பாலான சில்லுகளுக்கு வரம்பு 90 முதல் 105 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும். வரம்பை நெருங்கும்போது பிராசசர் முதலில் தன் வேகத்தைத் தானே குறைச்சுக்கும். வீடியோ திக்கித் திக்கி ஓடுவது, மவுஸ் அம்பு இழுத்துப் போவது எல்லாம் அந்த நேரம்தான். அதையும் மீறிச் சூடு ஏறினால் மின்சாரத்தையே வெட்டிவிடும். சில்லு கருகாமல் இருக்க வைத்த காவல் அது. விண்டோஸைக் கேட்டுக்கொண்டு இருந்தால் நேரம் போயிடும் என்பதால் கேட்காமலே வெட்டும். அதான் எச்சரிக்கை வராத காரணம்.

சூடு வெளியே போகிற வழியைப் பாருங்க. சில்லின் மேல் ஒரு செம்புத் தகடு, அதிலிருந்து தட்டையான ஒரு செம்புக் குழாய், குழாயின் முனையில் சீப்புப் பல் மாதிரி மெல்லிய தகடுகள், அதன் முன்னால் குட்டி ஃபேன். நம்ம சிப்காட் சாலையில் போகிற லாரியின் ரேடியேட்டரும் இதே வேலையைத்தான் செய்யுது. அந்தக் குழாய் வெறும் கம்பி இல்லை! உள்ளே காற்றை எடுத்துவிட்டுக் கொஞ்சூண்டு தண்ணீர் வைத்து மூடியிருக்காங்க. அழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 100 டிகிரி வரை காத்திருக்காமல் முன்னாடியே ஆவியாகும். ஆவி குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே சூட்டை விட்டுவிட்டுத் தண்ணீராகித் திரும்பும். அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் 1963-ல் இப்படிப்பட்ட குழாயைச் செய்து காட்டினார். விண்வெளிக் கலத்துக்காக யோசித்தது இப்போ நம்ம மடியில் இருக்கு.

இவ்வளவு ஏற்பாட்டையும் கெடுப்பது அந்தச் சீப்புப் பல்லில் அடைகிற தூசிதான். பஞ்சு, தலைமுடி, ரோட்டுப் புழுதி எல்லாம் சேர்ந்து கம்பளித் துணி மாதிரி ஒட்டிக்கும். ஃபேன் சுத்தும், காத்து போகாது.

இன்னொன்று நம்ம ஊர் வெயில். ஒரு கணக்குப் போடுவோம். அறையின் வெப்பத்தைவிட 55 டிகிரி கூடுதலாக ஒரு பிராசசர் சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏ.சி. அறையில் 25 + 55 = 80. பிரச்சினை இல்லை. நம்ம வீட்டுத் தகரக் கூரையின் கீழே சித்திரை மாதம் 40 + 55 = 95. வரம்புக்கு வந்தாச்சு! சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. ஃபேனால் அறைக் காற்றைவிடக் கீழே குளிர வைக்க முடியாது என்பதுதான் இதில் விஷயம். கண்ணன்கோட்டை – தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கக் கரையில் சாயங்காலம் நல்ல காத்து வரும், லேப்டாப்பை அங்கே தூக்கிட்டுப் போய்ப் படிக்க முடியுமா என்ன!

சரி, சூடுதான் காரணம்னு எப்படிக் கண்டுபிடிப்பது? அணைந்த உடனே மறுபடி போடுங்க. ரெண்டு மூணு நிமிஷத்தில் திரும்ப அணைந்தால், அப்புறம் அரை மணி ஆறவிட்டால் நல்லா ஓடினால், சூடுதான். சார்ஜரைப் பிடுங்கினால் மட்டும் அணைந்தால் பேட்டரி. வயரை ஆட்டினால் அணைந்தால் சார்ஜர் பின். விண்டோஸில் ஈவன்ட் வியூவர் திறந்து சிஸ்டம் பகுதியில் ‘கெர்னல் பவர் 41’ என்று இருந்தாலே சூடுன்னு முடிவு கட்டாதீங்க. கரண்ட் போனாலும், பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அதே 41தான் வரும். காகிதச் சோதனை இன்னும் சுலபம். டிஷ்யூ காகிதம் ஒரு துண்டு கிழித்துச் சூட்டுக் காற்று வரும் ஓட்டையருகே பிடிங்க. ஃபேன் சத்தம் கேட்டும் காகிதம் ஆடலைன்னா அடைப்பு. சத்தமே இல்லாமல் அடிப்பக்கம் கொதித்தால் ஃபேன் போச்சு. சில சின்ன மாடல்களில் ஃபேனே கிடையாது, அதையும் கவனிங்க.

திறந்து சுத்தம் செய்வது நம்மால் முடியும், ஆனால் முதல் தடவை கம்ப்யூட்டர் சார் பக்கத்தில் இருக்கட்டும். சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டுப் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்துங்க, மிச்ச மின்சாரம் போகட்டும். ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைப் படமாக வரைந்து, ஒவ்வொரு திருகாணியையும் அதன் இடத்தில் வைத்து டேப் ஒட்டுங்க. நீளத் திருகாணி குட்டை இடத்துக்குப் போனால் போர்டைக் குத்தும். தூசியைக் காய்ந்த பெயின்டிங் பிரஷ்ஷால் எடுங்க. வாயால் ஊதாதீங்க, எச்சில் ஈரம் போகும். காற்றடிக்கிறதாக இருந்தால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளணும். அதிவேகத்தில் சுத்த விட்டால் பேரிங் கெடும்.

சில்லுக்கும் செம்புத் தகடுக்கும் நடுவே இருக்கும் பசை காய்ந்து பொடியாகியிருந்தால் அதையும் மாத்தணும். ஏன் பசை? வெப்பம் கடத்தும் திறனில் செம்பு சுமார் 400 என்றால் காற்று 0.026தான். கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் காற்று நின்றாலும் சூடு மாட்டிக்கும். தெர்மல் பேஸ்ட் ஒரு அரிசி அளவு போதும். டூத்பேஸ்ட் தடவலாம்னு சிலர் சொல்வாங்க, சில நாளில் காய்ந்து பழையபடி ஆகிடும், வேண்டாம்.

திறக்காமலே செய்யக்கூடியதும் உண்டு. மெத்தை, தலையணை மேல் வைக்காதீங்க, அடியில் இருக்கும் ஓட்டை மூடிக்கும். பின்பக்கம் ரெண்டு சோடா மூடி வைத்துத் தூக்குங்க. பவர் ஆப்ஷன்ஸில் ‘மேக்சிமம் பிராசசர் ஸ்டேட்’ 100 என்று இருப்பதை 80 ஆக்கினால் வேகம் கொஞ்சம் குறையும், சூடும் குறையும். ஐஸ் வைப்பது, ஈரத்துணி சுத்துவது வேண்டவே வேண்டாம். உள்ளே நீர் கோத்துவிடும்.

டச்பேடு மேலே எழும்பி, மூடி சரியாக மூடாமல் இருந்தால் மேலே சொன்ன எதையும் செய்யாதீங்க. அது பேட்டரி உப்பியிருப்பது. லித்தியம் பேட்டரி குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். உடனே அணைத்து, சார்ஜ் போடாமல், பெரியவர்களிடம் சொல்லிக் கடையில் கொடுத்து மாத்துங்க. குப்பையில் போட வேண்டாம்.

உங்க வீட்டு லேப்டாப்பும் இப்படி அணைந்தால், எத்தனை நிமிஷத்தில் அணையுது, காகிதம் ஆடுதா இல்லையா என்று இந்தத் தாளின் கீழே பென்சிலில் எழுதி வையுங்க. சேர்ந்து பார்க்கலாம்.