ஸ்பானிஷ் இறந்தகாலம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அஞ்செட்டிக்கு அப்பால் காடு சூழ்ந்த நாட்றாம்பாளையத்திலிருந்து ஓசூர் வரை, இந்த எல்லைப் பகுதியில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் அன்றாடம் கலந்து புழங்குகின்றன. ஓசூரில் ஆலை கொண்ட டிவிஎஸ் நிறுவனத்தின் வண்டிகள் ஸ்பானிஷ் பேசும் கொலம்பியா, மெக்சிகோ வரை விற்பனையாகின்றன. ஸ்பானிஷ் கற்க இப்பகுதி இளைஞர்களுக்கு நல்ல காரணம் இருக்கிறது. ஆனால், 'இம்பெர்ஃபெக்தோ' என்னும் இறந்தகாலத்தைக் கண்டதும் பலர் மிரண்டுவிடுகிறார்கள். அந்த மிரட்சிக்குக் காரணமான நான்கு நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: விகுதிகளை மனப்பாடம் செய்து மாளாது.

உண்மை: ஸ்பானிஷ் மொழியின் காலங்களில் மிக ஒழுங்கானவற்றுள் இது ஒன்று. வினைகள் ஆர், ஏர், ஈர் என்று முடியும். 'ஆர்' வினைகளில் அந்த முடிவை எடுத்துவிட்டு ஆபா, ஆபாஸ், ஆபா, ஆபாமோஸ், ஆபாய்ஸ், ஆபான் சேர்க்க வேண்டும். அப்லார் என்றால் பேசுதல்; 'அப்லாபா' என்றால் (முன்பெல்லாம்) பேசுவேன், பேசிக்கொண்டிருந்தேன். மற்ற இரு வகைகளுக்கும் ஒரே வரிசைதான்: ஈயா, ஈயாஸ், ஈயா, ஈயாமோஸ், ஈயாய்ஸ், ஈயான். உண்ணுதலுக்கான கோமேர் 'கோமீயா' ஆகும். வாழ்தலுக்கான பிபீர் 'பிபீயா' ஆகும். விதி மீறும் வினைகள் மூன்றே: சேர் (எரா), ஈர் (ஈபா), பேர் (பேயீயா). நானுக்கும் அவனுக்கும் வடிவம் ஒன்றே என்பதால், குழப்பம் வரும் இடத்தில் 'யோ', 'எல்' என்று எழுவாயைச் சொல்லிவிட வேண்டும்.

நம்பிக்கை 2: முடிவடையாமல் நின்றுபோன செயலுக்கே இது பொருந்தும்.

உண்மை: 1492இல் ஸ்பானிஷ் இலக்கணம் எழுதிய நெப்ரிஹா இதை 'முடிவுறாத கடந்தகாலம்' என்றார். அந்தப் பெயர்தான் பலரைத் திசைதிருப்புகிறது. செயல் எப்போதோ முடிந்திருக்கலாம். அதன் தொடக்கத்தையோ முடிவையோ பேசுபவர் சுட்டவில்லை, அவ்வளவுதான். 'என் பாட்டி கேழ்வரகு விதைப்பாள்' என்கிறோம். பாட்டி இன்று இல்லாவிட்டாலும் அங்கே வருவது 'செம்ப்ராபா'தான். 1847இல் வெளியான தம் இலக்கண நூலில் ஆந்த்ரேஸ் பெய்யோ இதற்கு 'உடன்நிகழ் இறந்தகாலம்' என்ற பொருளில் வேறு பெயர் தந்தார். 'யோபீயா குவாந்தோ யெகோ எல் எலெஃபாந்தே': மழை பெய்துகொண்டிருந்தபோது யானை வந்தது. மழை பின்னணி, அதற்கு இம்பெர்ஃபெக்தோ. யானை வந்தது நிகழ்ச்சி, அதற்கு முடிந்த செயலைச் சொல்லும் மற்ற இறந்தகாலம். பெய்யோவின் பெயர் இந்த உறவைத் தெளிவாகக் காட்டுகிறது.

நம்பிக்கை 3: நெடுநாள் நடந்ததற்கு இது; சட்டென முடிந்ததற்கு மற்றது.

உண்மை: கால அளவு இதைத் தீர்மானிப்பதில்லை. 'ஓசூரில் பத்து ஆண்டுகள் வாழ்ந்தேன்' என்று கணக்கை மூடிச் சொன்னால் 'பிபீ' என்ற மற்ற இறந்தகாலமே வரும். 'ஓசூரில் வாழ்ந்துகொண்டிருந்தபோது அவரைச் சந்தித்தேன்' என்றால் வாழ்ந்தது பின்னணியாகிறது, அப்போது 'பிபீயா'.

நம்பிக்கை 4: ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தால்தான் இது பிடிபடும்.

உண்மை: ஆங்கிலத்தில் நேற்றுப் போனதற்கும் வாராவாரம் போனதற்கும் 'வென்ட்' என்ற ஒரே சொல்லே போதும். தமிழ் இந்த வேறுபாட்டை வெளிப்படையாகக் காட்டுகிறது: 'நேற்று சந்தைக்குப் போனேன்', 'சின்ன வயசுல வாராவாரம் சந்தைக்குப் போவேன்'. இரண்டாவதற்கு ஸ்பானிஷில் 'ஈபா'. 'போய்க்கொண்டிருந்தேன்' என்பதற்கும் அதே 'ஈபா'. கன்னடம் தெரிந்தவருக்கு இன்னும் எளிது: 'ஹோகுத்தித்தெ' என்ற ஒரே வடிவம் வழக்கத்தையும் தொடர்ச்சியையும் சேர்த்தே சொல்கிறது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். நம் 'போவேன்' எதிர்கால வடிவத்தில் இருப்பதால், ஸ்பானிஷிலும் எதிர்காலத்தைப் போட்டுவிடக் கூடாது.

பயிற்சிக்கு, வீட்டுப் பெரியவர் சொல்லும் பழைய கதை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 'போவோம், வருவோம், விதைப்போம்' என்று வரும் இடங்களுக்கெல்லாம் இம்பெர்ஃபெக்தோ போடுங்கள். 'அன்னைக்கு ஒரு நாள்' என்று கதை திரும்பியதும் மற்ற இறந்தகாலத்துக்கு மாறுங்கள். ஆங்கிலத்தை இடையில் கொண்டுவராமல், தாய்மொழியிலிருந்து நேராக ஸ்பானிஷுக்குப் போங்கள்.