வெள்ளைப்புள்ளி: உப்பா, சூடா, மருந்தா?

ஐப்பசி மழை பிடித்து, மலைப்பக்கத்து ஈரக்காற்று செட்டியார்பட்டித் தெருக்களுக்குள் இறங்கியதும் வீட்டு மீன்தொட்டிகளில் வெள்ளைப்புள்ளி தலைகாட்டும். தண்ணீர் திடீரென்று குளிர்ந்தால் மீனின் எதிர்ப்புச் சக்தி குறையும். அந்த நேரம் பார்த்துப் புது மீனும் வந்து சேர்ந்தால் நோய்க்கு வழி திறந்துவிடும்.

உடம்பிலும் துடுப்பிலும் ரவை தூவியதுபோல் புள்ளிகள் தெரியும். மீன் கல்லில் உரசும். ஆனால் புள்ளி செவுள் மூடியிலும் முன்துடுப்பின் விளிம்பிலும் மட்டும் இருந்தால் பொறுங்கள். ஆண் கோல்டு ஃபிஷ்ஷுக்கு இனப்பெருக்கக் காலத்தில் அப்படி வெள்ளை மணிகள் வருவது இயல்பு. அதற்கு மருந்து வேண்டாம்.

எந்தச் சிகிச்சையை எடுப்பது என்பதற்கு முன்னால், அது எப்போது வேலை செய்யும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். இக்தியோஃப்திரியஸ் என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் இருக்கும்வரை உப்போ மருந்தோ அதைத் தொடாது. முற்றியதும் உதிர்ந்து, தரையிலோ கல்லிலோ ஒட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அவை மீனைத் தேடி நீந்தும் அந்த ஓரிரண்டு நாள்தான் நமக்குக் கிடைக்கும் இடைவெளி. தண்ணீர் 27, 28 டிகிரியில் இருந்தால் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடியும். குளிரில் இழுத்துக்கொண்டே போகும். சூடு கூட்டுவது அதனால்தான். 30 டிகிரிக்கு மேல் பெரும்பாலான ஒட்டுண்ணிகளால் பெருகவும் முடியாது.

மோலி, கப்பி, பிளாட்டி வளர்ப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது உப்பும் சூடும்தான். தூத்துக்குடிக் கல் உப்பே போதும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் கல், மணல் போகச் சுமார் 50 லிட்டர் தண்ணீர் நிற்கும். லிட்டருக்கு 2 கிராம் வீதம் 100 கிராம் உப்பு. வாளித் தண்ணீரில் கரைத்து, ஒரு நாளில் மூன்று தவணையாக ஊற்றுங்கள். உப்பு ஆவியாகாது, தண்ணீர் மாற்றும்போது மாற்றிய அளவுக்கு மட்டும் புதிதாகச் சேருங்கள். ஹீட்டரை நாளுக்கு இரண்டு டிகிரிக்கு மேல் ஏற்றாமல் 30-க்குக் கொண்டுபோங்கள். சித்திரை வெயிலில் தண்ணீர் தானாகவே அந்தச் சூட்டைத் தொடலாம். தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு ஹீட்டர் போடுங்கள். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும் என்பதால் ஏர் பம்ப் ஒரு நிமிடமும் நிற்கக் கூடாது. மழைக்காலத்தில் கரண்ட் போகும்; பேட்டரி பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

கோல்டு ஃபிஷ் குளிர்நீர் மீன். அதற்குச் சூட்டைக் குறைத்து, உப்பை லிட்டருக்கு 3 கிராம்வரை வைத்து, கூடுதல் நாள் தொடரலாம். செடித் தொட்டியில் இது தலைகீழ்: செடி உப்பில் கருகும், எனவே சூடு மட்டும். கோரிடோரஸ், லோச் போன்ற வழக்கமான செதில் இல்லாத மீன்கள் இருந்தால் உப்பு லிட்டருக்கு 1 கிராமைத் தாண்ட வேண்டாம்.

கடைகளில் முதலில் கைக்கு வருவது மெத்திலின் ப்ளூ. இந்த நோய்க்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெள்ளைப்புள்ளிக்கு அதன் வீரியம் குறைவு. ஃபில்டரில் வளர்ந்திருக்கும் நல்ல பாக்டீரியாவையும் கெடுக்கும். நோய் முற்றி, மீன் மேலே வந்து வாயைத் திறந்து திணறினால் செவுளிலும் ஒட்டுண்ணி ஏறிவிட்டது என்று கொள்ளலாம். அப்போது மாலகைட் கிரீன் அல்லது அதோடு ஃபார்மலின் சேர்ந்த மருந்துதான் சரி. புட்டியில் போட்ட அளவுதான் அளவு. கோரிடோரஸ், லோச் போன்ற மீனுக்குப் பாதி. ஃபில்டரில் உள்ள கரியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மருந்தை அது உறிஞ்சிவிடும். கையுறை போடுங்கள். உண்ணும் மீன் வளர்க்கும் குளத்தில் மாலகைட் கிரீன் ஒரு துளியும் கூடாது. இறால், நத்தை உள்ள தொட்டியில் தாமிர மருந்தை ஊற்றாதீர்கள், அவை தாங்காது.

எதை எடுத்தாலும், கடைசிப் புள்ளி மறைந்த அன்றே நிறுத்திவிடாதீர்கள். இன்னும் ஒரு வாரம் தொடருங்கள். தரையில் ஒட்டியிருப்பவை அதற்குள் வெடித்துத் தீர வேண்டும். மீன் வாங்கி வந்த கவர் தண்ணீரைத் தொட்டியில் கொட்டாமல், புது மீனை மூன்று வாரம் தனித் தொட்டியில் வையுங்கள். அந்தத் தொட்டிக்கு வலையும் தனியாக இருக்கட்டும். ஈரம் காயாத வலையோடும் ஒட்டுண்ணி அடுத்த தொட்டிக்குப் போகும்.